பழியைக் கேட்டு வாங்கியவர்

பள்ளிக்கூட கேட்டில் நிற்கும் ஆயம்மா சத்தம் போடத் தொடங்குவதற்கு முன்பே அவர் ஆட்டோவை நிறுத்திவிட்டு, ஒரு கையைத் தூக்கிக்கொண்டே இறங்குவார்.

"நான்தாம்மா, நான்தான். என்னாலதான் லேட்டு."

தாமதத்துக்கு அவர் காரணமாக இருந்ததை நான் பார்த்ததே இல்லை. எங்கள் தெருமுனை வீட்டு இரட்டைப் பிள்ளைகள் ஷூ போட மாட்டோம் என்று அடம்பிடித்திருப்பார்கள். இல்லையென்றால் நான் என் மகளின் பையை இரண்டாம் முறை திறந்து, தண்ணீர் பாட்டிலின் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். ஆயம்மா தெலுங்கில் வாங்கு வாங்கென்று வாங்குவாள். அவர் வெயிலில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். பிள்ளைகள் அவருடைய முதுகுக்குப் பின்னால் வரிசையாக உள்ளே ஓடிவிடும்.

திருப்பதியில் நாங்கள் குடியேறிய வருஷம்தான் மகளை எல்.கே.ஜி. சேர்த்தோம். என் கணவர் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆட்டோவில் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றானதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மூன்று அம்மாக்களிடம் விசாரித்தேன். மூவரும் அவரையே சொன்னார்கள். லைசென்ஸைக் காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினார். பின் சீட்டின் வெளிப்பக்கம் கம்பி அடித்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன்.

"இன்னும் நல்லா ஆட்டிப் பாரு தங்கச்சி. கழண்டு வந்தா என்னை ஒத" என்றார்.

ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டையை மட்டும் தினமும் தேய்த்துத்தான் போடுவார். மற்ற ஆட்டோக்களில் ஏழுமலையான் படம் இருக்கும் இடத்தில் அவருடைய ஆட்டோவில் ஒன்றுமே இருக்காது. கிறிஸ்தவர் என்று தெரியும். சிலுவையாவது தொங்கவிடக் கூடாதா என்று ஒரு தடவை கேட்டேன். "எல்லா வூட்டுப் புள்ளைங்களும் ஏறுதுங்க மா. அவரு உள்ள உக்காந்துகினு இருப்பாரு, தொங்கணும்னு இல்ல" என்றார். பேச்சைக் கேட்டதும் நம் பக்கத்து ஆள் என்று தெரிந்தது. எனக்குக் கார்வேட்டிநகரம் அருகே ஒரு கிராமம். அவருக்குச் சித்தூர். ஊர் முழுக்கத் தெலுங்கு கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், காலையில் ஒரு குரல் "இன்னா மா, பாப்பா இட்லி துன்னுச்சா?" என்று கேட்டால் பாதி பயம் குறைந்த மாதிரி இருக்கும்.

நான்தான், நான்தான் என்று முன்னால் போய் நிற்பது அவருக்குப் பழக்கமா, வியாதியா என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் மகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு அவருடைய ஆட்டோவில்தான் திரும்பிக்கொண்டிருந்தோம். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நெரிசல். எங்களுக்குப் பக்கத்தில் வந்த ஒரு ஆட்டோ, முன்னால் நின்ற காரை நீளமாகக் கீறிவிட்டது. அதை ஓட்டியவனுக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. போலீஸ்காரர் ஓடி வந்து, "எவரய்யா கொட்டிந்தி?" என்று, இடித்தது யாரென்று கேட்டுக் கத்தினார். அந்தப் பையன் வாயைத் திறப்பதற்குள் இவர் இறங்கிப் போய், நான்தான் என்பதைத் தெலுங்கில், "நேனே சார்" என்றார். போலீஸ்காரர் யோசிக்கவே இல்லை. பளாரென்று ஓர் அறை விட்டார். என் மடியில் இருந்த குழந்தை வீறிட்டு அழுதது.  அந்தப் பையன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு எப்போது போனான் என்றே தெரியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தவரின் கன்னம் சிவந்திருந்தது.

"அண்ணா, நீங்க செய்யவே இல்லையே! எதுக்கு அடி வாங்கினீங்க?"

"புதுப் பையன் மா. கை நடுங்கிக்கினு இருந்துச்சு அவனுக்கு. அந்தக் கையோட அடி வாங்கினா அப்புறம் வண்டியே ஓட்ட மாட்டான்."

"அதுக்காக?"

"வுடு தங்கச்சி. அடி ஒருத்தனுக்குத்தானே வுழுந்துச்சு."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "நல்ல மனுஷன்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நல்லவர் என்று தோன்றிய அடுத்த நிமிஷமே, இப்படிப்பட்டவரிடம் பிள்ளையை அனுப்புவது சரிதானா என்றும் தோன்றியது. இரண்டில் எது என் புத்தி என்று எனக்கே தெரியவில்லை.

பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டுவிட்டன. டிபன் பாக்ஸ் தொலைந்தால், "ஆட்டோ மாமா மேல போட்டுக்கலாம்." ஒருத்தி இன்னொருத்தியைக் கிள்ளினால், "மாமாதான்." ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் பால் டம்ளரைத் தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், "ஆட்டோ மாமா பாத்துக்குவாரு" என்றாள். எனக்குத் திக்கென்றது. மறுநாள் அவரிடம் கேட்டேவிட்டேன்.

"அண்ணா, நீங்க இப்படியே எல்லாத்தையும் வாங்கிக்கினா பசங்க கெட்டுப் போகாதா?"

"கெட்டும் போவும் மா. ஆனா போன வாரம் அந்த ரெட்டைல சின்னது இன்னா பண்ணுச்சு தெரியுமா? அக்கா பென்சில ஒடச்சுட்டு என்னைக் காட்டுச்சு. நான் சாரி சாரின்னு தோப்புக்கரணம் போட்டேன். மூணாவது தோப்புக்கரணத்துல ஓன்னு அழுதுகினு, 'மாமா இல்ல, நான்தான்'னு சொல்லிச்சு. அந்த அழுகை இருக்குது பாரு, அது அடிச்சா வராது."

"எல்லாப் பிள்ளையும் அழுமா?"

"அழாதுங்க" என்றார். "அதுங்களுக்கும் சேத்துத்தான் போடறேன், தோப்புக்கரணம்."

மகளுக்கு டெங்கு வந்து பிழைத்த வருஷம், என் மாமியார் எங்கள் அம்மனுக்கு ஆடு வேண்டிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போய்ப் படைத்துவிட்டு வந்தோம். எங்கள் வழக்கப்படி ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். உதறும் வரை வெட்ட மாட்டார்கள். மகள் இதையெல்லாம் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறாள். திங்கட்கிழமை ஆட்டோவில் ஏறும்போது அவரிடம் சொன்னாள்: "மாமா, தண்ணி ஊத்துனாங்க, ஆடு சரின்னு சொல்லிடுச்சு."

"தண்ணி ஊத்துனா நீயும் உதறுவ பாப்பா. அது சரின்னு சொல்லல, குளிருதுன்னு சொல்லுச்சு."

எனக்குச் சுருக்கென்று குத்தியது. என் பிள்ளையின் உயிருக்காகச் செய்தது அது. என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டார். "தப்பா எடுத்துக்காத தங்கச்சி. பெத்தவளுக்கு பயம். பயத்துக்கு எதையாச்சும் குடுக்கணும்னு தோணும். எங்க சாமி இன்னா பண்ணாருன்னா, என் பேர்ல போடுங்கன்னு தானா வந்து நின்னாரு. யாரும் தண்ணி ஊத்தல."

"செஞ்சது ஒருத்தர், அனுபவிக்கிறது இன்னொருத்தரா? அது எப்படிண்ணா நியாயம்?"

"நியாயமே இல்ல மா. அதான் அதுல விசேஷம்" என்று சொல்லிவிட்டு ஸ்டார்ட் செய்தார்.

அன்று முழுக்க அந்தப் பதில் என்னைச் சும்மா விடவில்லை. அவரவர் செய்ததை அவரவர்தான் அனுபவிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள் என்னை. அது பயமாக இருந்தாலும் ஒழுங்காக இருந்தது. இவர் சொன்னது ஆறுதலாக இருந்தது. ஆனால் ஒழுங்காக இல்லை.

அடுத்த வருஷம் மாம்பூ பூத்திருந்த சமயம். அத்தை பேத்திக்குக் காது குத்து என்று கார்வேட்டிநகரம் பக்கம் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து, மகளைத் தூக்கிக்கொண்டு அத்தையோடு பஸ்ஸுக்கு நடந்தபோது, ஊர்க்கோடியில் இருக்கும் ஒரு காலனி வீட்டு வாசலில் தேய்த்த காக்கிச் சட்டையைப் பார்த்தேன்.

அவரேதான். செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். எதிரே ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், மண்ணை அள்ளி அவர் மேல் வீசிக்கொண்டிருந்தாள். வீசும்போது என்னவோ கத்தினாள். வார்த்தைகள் என் காதில் விழவில்லை. அவர் அசையவில்லை. மண் சட்டையில் விழுந்து சரிந்துகொண்டிருந்தது. நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் தடுக்கவில்லை.

மகள் "மாமா!" என்று கத்தப் போனாள். நான் வாயைப் பொத்திவிட்டேன்.

"யாரு அத்தை அந்த ஆளு?" என்று கேட்டேன்.

"அவனா? பால் வண்டி ஓட்டிக்கினு இருந்தவன். அந்தம்மாவுக்கு ஒரே புள்ள. இதே ரோட்டுல ஏத்திக் கொன்னுட்டான். ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தான். வருஷா வருஷம் அந்தப் பையன் செத்த நாள்ல வந்து நிப்பான். அவளும் மண்ண வாரித் தூத்துவா. இன்னாத்துக்கு வரான்னு யாருக்குத் தெரியும்?"

நான் என் மகளை இறுக்கிக்கொண்டேன். அவள் "வலிக்குதும்மா" என்றாள். அந்தக் கைகளில்தான் தினமும் காலை இவளைத் தூக்கிக் கொடுக்கிறேன். மூன்று அம்மாக்களிடம் விசாரித்தேன், லைசென்ஸ் பார்த்தேன், கம்பியை ஆட்டினேன். இதைக் கேட்கத் தோன்றவில்லையே எனக்கு! பஸ்ஸில் திருப்பதி வரும் வரை நான் அவளை மடியிலிருந்து இறக்கவில்லை.

மறுநாள் வழக்கம்போல ஹார்ன் சத்தம் கேட்டது. நான் மட்டும் வெளியே போனேன்.

"இனிமே பாப்பா வராதுண்ணா."

அவர் ஏனென்று கேட்கவில்லை. "சரிம்மா" என்றார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நேத்து உங்களை அந்த ஊர்ல பாத்தேன். அந்தப் பையனை... நீங்களா?"

"ஆமாம்மா" என்றார். பிறகு, "என் பேர்லதான் கீது" என்றார்.

உள்ளே மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவளைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

பள்ளி அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். சொல்லாமல் இருந்து நாளைக்கு ஏதாவது நடந்தால்? சொல்லி, அவருடைய பிழைப்பு போய்விட்டால்? கணவர், "தண்டனை அனுபவிச்சுட்டாரே, அப்புறம் என்ன?" என்றார். "உங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சண்டை போட்டேன். டவுன் பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம், அந்த ஆட்டோ ஒருநாளும் இப்படிக் குலுங்கியதில்லை என்று நினைவு வந்தது. அதுகூட எரிச்சலாக இருந்தது.

ஒரு மத்தியானம் அவருடைய மனைவி என் வீட்டைத் தேடி வந்தார். வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எத்தினியோ பேரு இன்னான்னவோ சொல்லியிருக்காங்க, நான் வாயத் திறந்தது இல்ல. ஆனா உன் புள்ள வராம அவரு ரெண்டு வாரமா சரியா சாப்புடல. அதான் வந்தேன். அந்த வண்டிய ஓட்டுனது அவரு இல்ல மா."

"அவரே ஆமான்னு சொன்னாரே, அக்கா."

"சொல்லுவாரு. அன்னிக்கு அவருக்குக் காய்ச்சல். கம்பளி போத்திக்கினு படுத்துக்கினு இருந்தாரு. பால் கெட்டுப் போய்டும்னு என் தம்பி வண்டிய எடுத்துக்கினு போனான். பத்தொன்பது வயசு. லைசென்ஸ் கிடையாது. அந்தப் புள்ள குறுக்க ஓடியாந்துச்சு." அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "தம்பி ஓடியாந்து என் கால்ல வுழுந்தான். இவரு எழுந்து உக்காந்தாரு. கேட்டாரு. சட்டைய மாட்டிக்கினாரு. 'எனக்காக ஒருத்தரு போனாரு, இவனுக்காக நான் போறேன்'னு சொல்லிட்டு, அந்தக் காய்ச்சலோட ஸ்டேஷனுக்கு நடந்து போனாரு."

ஓட்டியவன் ஒருவன், சரண் அடைகிறவன் ஒருவன் என்று டிரைவர்கள் நடுவில் நடப்பது உண்டுதான். முதலாளி சொல்வதால், பயத்தால், காசால் நடக்கும். சாமிக்காக ஒருவர் அப்படிச் செய்தார் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

"நீங்க தடுக்கலையா?"

"எப்டித் தடுப்பேன்? தம்பி இல்ல? இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் கூடப் பொறந்தவன். வண்டி ஓனரும் அதான் சரின்னாரு. லைசென்ஸ் இருக்கறவன் பேரு இருந்தாத்தான் அந்தக் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்கும்னாரு. எல்லாருக்கும் அது நல்லதாப் போச்சு."

"உங்க தம்பி இப்ப எங்க இருக்காரு?"

அவர் முகத்தில் பெருமையும் வேதனையும் ஒன்றாக வந்தன; அப்படி ஒரு முகத்தை நான் அதற்குமுன் யாரிடமும் பார்த்ததில்லை. "பாஸ்டரா இருக்கான், சித்தூர்ல. குடி இல்ல, பீடி இல்ல. சிலுவையைப் பத்தி அவன் பேசுனா ஜனங்க அழுவுங்க. இவரு பின்னாடி பாய்ல உக்காந்து கேட்டுக்கினு இருப்பாரு."

அவர் போனபிறகு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் மகள் ஒரு கொலைகாரரின் ஆட்டோவில் போகவில்லை. அதற்காக நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். ஆனால் எல்லாருக்கும் நல்லதாகப் போயிற்று என்று அந்த அக்கா சொன்னது உறுத்தியது. கண்ணை மூடினால் மண்ணை அள்ளும் கைதான் தெரிந்தது. தம்பி மீண்டுவிட்டார். இவர் தன் சாமி போன வழியில் போனார். பெற்றவள் மட்டும் அத்தனை வருஷமாகத் தப்பான ஆளின் மேல் மண்ணை வீசிக்கொண்டிருக்கிறாள். என் பிள்ளையாக இருந்தால்? நினைத்த உடனே நினைப்பை வெட்டினேன். ஆனால் அது போகவில்லை.

மறுநாள் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, அவர் ஆட்டோ நிறுத்தும் வேப்பமரத்தடிக்குப் போனேன்.

"அக்கா வந்தாங்க" என்றேன்.

"அவ வந்திருக்கக் கூடாது" என்றார்.

"உங்க மச்சான் திருந்தினாரு, சரி. உங்களுக்குப் புண்ணியம், சரி. அந்தம்மாவுக்கு என்ன கிடைச்சதுண்ணா?"

அவர் எப்போதும் சட்டென்று பதில் சொல்கிறவர். அன்று துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"திட்டறதுக்கு அதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல மா. அதான் போயி நிக்கறேன்."

"அந்த ஆளு நீங்க இல்லையே."

"அவன் வரேன்னுதான் சொல்லுவான். ஒவ்வொரு வருஷமும் சொல்லுவான். நான்தான் வேணாம்னுடுவேன். தீர்ந்து போனதுப்பா, நான் வாங்கிக்கினேன், நீ உன் ஊழியத்தப் பாருன்னுடுவேன்."

இது எனக்கு இன்னொரு அதிர்ச்சி. அந்தத் தம்பி ஒளிந்துகொண்டிருந்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்தான் அவரை விடவில்லை.  பேசியது அதிகமோ என்று வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டேன்.

நாலு நாள் கழித்து அவரே போன் செய்தார். அவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலம் நடந்துகொண்டிருந்தது. "சனிக்கிழமை அவனக் கூட்டிக்கினு போறேன். ஆம்பளைங்க ரெண்டு பேரு போனா அந்தம்மா பயந்துக்கும். நீ அந்தப் பக்கத்துப் பொண்ணு. வர்றியா தங்கச்சி?" என் கணவர், "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார். அதையேதான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் மகளை அந்த அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன்.

தம்பி முப்பது தாண்டியவர். வெள்ளைச் சட்டை. வழியெல்லாம் விரல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். புத்தூர் தாண்டியதும், "அக்கா, கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கறேன்" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. ஆட்டோவை நிறுத்தி, தண்ணீர் குடிக்க வைத்துக் கூட்டிப் போனோம்.

அந்தம்மா வாசலில் உட்கார்ந்து, கூலிக்குப் புளி தட்டிக்கொண்டிருந்தார். கல்லின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டினால் கொட்டை தெறித்து விழும். இவரைப் பார்த்ததும், "இன்னாடா, நாளு கூட மறந்து போச்சா? இன்னிக்கு இன்னாத்துக்கு வந்த?" என்றார்.

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் தம்பி முன்னால் போய், மண்ணில் முட்டி போட்டுவிட்டார்.

"அம்மா, அன்னிக்கு வண்டிய ஓட்டுனது நான். மாமா இல்ல."

அந்தம்மா இன்னொரு புளியை எடுத்துக் கல்லில் வைத்தார். தட்டினார். கொட்டையை விலக்கினார்.

"தெரியும்" என்றார்.

 ஆட்டோ அண்ணாவைப் பார்த்தேன். அவர் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏரிக்கரை மேல புல்லு அறுத்துக்கினு இருந்தேன். பாத்தேன். ஒல்லியா ஒரு பையன் என் புள்ளயத் தூக்கி ஓரமா வச்சான். நான் ஓடியாறதுக்குள்ள அவனும் இல்ல, என் புள்ளயும் போய்ட்டான். ஸ்டேஷன்ல இந்த ஆள நிக்க வச்சுக்கினு, இவன்தான்னாங்க. இவன் இல்ல, இவன் இல்லன்னு கத்துனேன். புள்ள போன துக்கத்துல உளறுதுன்னு வெளிய அனுப்பிட்டாங்க." அவர் சுத்தியை ஆட்டோ அண்ணாவை நோக்கி நீட்டினார். "வருஷா வருஷம் வந்து நின்னியே. இன்னிக்காச்சும் நிஜத்தச் சொல்லுவானா, இன்னிக்காச்சும் சொல்லுவானான்னு பாத்தேன். மண்ண வாரிப் போட்டேன். மரமாட்டம் நின்ன. எனக்கும் என் புள்ள சாவுக்கும் நடுவுல வந்து நிக்க நீ யாருடா?"

 நான் அவருடன் பழகிய காலம் முழுவதிலும், அவர் உண்மையிலேயே தன்னுடையதான ஒரு தப்பின் முன்னால் நின்று பார்த்தது அன்றுதான். எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கைகளைக் கட்டினார், பிரித்தார், மறுபடி கட்டினார்.

தம்பி, "மன்னிச்சிடுங்கன்னு கேக்க எனக்கு..." என்று தொடங்கினார்.

"அத்தக் கேக்காத. அது என்கிட்ட இல்ல" என்றார் அந்தம்மா. "நான் கேக்கறதுக்குச் சொல்லு. தூக்குனியே, உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"பேசுனானா?"

தம்பி தலையாட்டினார். "பேசுனான். 'ஒரு செருப்பு காணோம், எங்கம்மா திட்டும்'னான். நான் தேடித் தரேன்னு சொன்னேன். அவ்ளோதாம்மா. அதுக்கு மேல பேசல."

கையில் இருந்த சுத்தி நின்றுவிட்டது. அந்தம்மா ரோட்டைப் பார்த்தார். 

"திட்டியிருக்க மாட்டேன்" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "ஒரு செருப்புக்கா திட்டுவேன்? திட்டியிருக்க மாட்டேன்டா."

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். என்னை யாரென்று கூட அவர் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய், ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தார். பிறகு தம்பியிடம், "இனிமே அந்த நாள்ல நீ வா. வந்து, அவன் பேசுனத மறுபடி சொல்லு" என்றார். ஆட்டோ அண்ணாவைப் பார்க்காமலேயே, "இவன் வேணாம்" என்றார்.

திரும்பும்போது தம்பி, "மாமா, ஞாயித்துக்கிழமை சபையில சொல்லிடப் போறேன். அப்புறம் ஸ்டேஷன்லயும் சொல்லணும்" என்றார். நான் ஆட்டோ அண்ணாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

"சொல்லுப்பா" என்றார்.

தம்பியைப் புத்தூரில் சித்தூர் பஸ் ஏற்றிவிட்டோம்.  ரேணிகுண்டா பக்கம் வந்தபோது, அண்ணா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஏசுவும் நடுவுலதான் நின்னாரு மா. ரெண்டு பக்கத்தையும் சேக்கறதுக்கு நின்னாரு. நானும் நடுவுல நின்னேன். ரெண்டு பேரும் பாத்துக்காம இருக்கறதுக்கு நின்னுட்டேன். இத்தினி வருஷம் வேதம் படிச்சும் எனக்கு அது தெரியல."

அவருக்கு ஆறுதலாக என்ன சொல்வது என்று யோசித்தேன். உங்கள் மனது நல்ல மனது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் சுத்தியைப் பிடித்திருந்த அந்தக் கை ஞாபகத்துக்கு வந்தது. சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஆட்டோவை நிறுத்தினார். நான் இறங்கிய பிறகும் கிளம்பவில்லை. எதையோ கேட்க நினைத்து, கேட்கப் பழக்கமில்லாதவர் போல ஹேண்டிலைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்காக அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"தங்கச்சி, திங்கட்கிழமை பாப்பாவ அனுப்புவியா?"

எனக்கு உடனே சரி என்று சொல்ல ஆசை. ஒன்றும் செய்யாத மனிதர். அவரைவிட நிதானமாக ஓட்டுகிற ஆள் திருப்பதியில் இல்லை. ஆனால் அந்த ரோடும் ஒற்றைச் செருப்பும் என் கண்ணுக்குள் இருந்தன. அவர் மேல் இருந்த பயம் போய்விட்டது. ரோட்டின் மேல் இருக்கும் பயம் போகவில்லை. அதை அவர் மேல் போடவும் எனக்கு இஷ்டமில்லை.

"அனுப்புறேன்ணா" என்றேன். "ஆனா கொஞ்ச நாளைக்கு நானும் கூட வரேன். உங்களால இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"முன்னாடி என் பக்கத்துல உக்காரு மா" என்றார். "பின்னாடி உக்காந்தா பசங்க ஒதைக்கும்."